பத்தொன்பதாவது கையெழுத்து

கண்ணாடிக்காரருக்குக் கோபம் வந்தால் முகத்தில் தெரியாது. பொறாமை வந்தால் மட்டும் கடை முழுக்கத் தெரிந்துவிடும். துடைத்த லென்ஸையே மறுபடி துடைப்பார். சுவரில் மாட்டியிருக்கும் எழுத்துப் பலகையை ஒருவர் தப்பில்லாமல் படித்துக்கொண்டு வந்தாலும், "மெதுவாப் படிங்க, ஓடியா போகுது?" என்று எரிந்து விழுவார். ஃபிரேம் வளைக்கிற குறடை மேசைமேல் டொக்கென்று வைப்பார். அந்தச் சத்தம் கேட்டால் போதும், கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டிலிருந்து அவர் மனைவி, "இன்னைக்கு யாருக்கு என்ன நல்லது நடந்துச்சு?" என்று கேட்பாள். முப்பது வருஷம் கூட இருந்தவளுக்கு இது தெரியாமல் இருக்குமா?

மற்றபடி ஆள் கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவைத்துவிட வேண்டும், போகப்போகச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வயசானவர்கள் கண்ணாடியை மிதித்து உடைத்துக்கொண்டு வந்தால் சிரித்த முகத்தோடு ஒட்டிக் கொடுப்பார். குடிக்க மாட்டார். பிரார்த்தனை தவற மாட்டார். இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பகுதியில் கட்சியின் கிளைச் செயலாளர் அவர்தான். குடும்பம், பக்தி, கட்டுப்பாடு என்று கொடியிலேயே எழுதி வைத்திருக்கும் கட்சி அது. பழையதில் நல்லதை விட்டுவிடக் கூடாது என்பவர்களின் கட்சி. கிளையில் மொத்தம் பத்தொன்பது பேர். கூட்டம் நடப்பது கண்ணாடிக் கடையில்தான். எழுத்துப் பலகைக்குக் கீழே இரண்டு பெஞ்சு, நான்கு நாற்காலி, மிச்சப் பேர் நின்றுகொள்வார்கள்.

இந்த இருபத்திரண்டு வருஷத்தில் சுவரொட்டி ஒட்டியது, மழையில் வீடு வீடாக ஏறி இறங்கியது, தோற்ற தேர்தலில் கேலி கேட்டது எல்லாம் இந்தப் பத்தொன்பது பேர். ஜெயித்த தேர்தலில் மேடையில் நின்றது மட்டும் வேறு யாரோ. கண்ணாடிக்காரர் அதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம், நகரசபைக்கு என்றைக்காவது ஒரு நாள் இந்தப் பகுதியிலிருந்து தன்னை நிறுத்துவார்கள் என்ற நினைப்பு. அதை அவர் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வேறொருவர் சொல்ல வேண்டும், தான் மறுக்க வேண்டும், பிறகு எல்லோரும் வற்புறுத்த வேண்டும். அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்த காட்சி அது.

இந்தத் தடவை தன் முறைதான் என்று நிச்சயமாக நம்பியிருந்தார். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவரிடம் மனைவி வந்து நின்றாள். முகத்தில் சந்தோஷத்தை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியாமல் தவித்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, தங்கச்சி ஃபோன் பண்ணினா. நம்ம பகுதிக்கு அவ வீட்டுக்காரரைத்தான் நிறுத்தறாங்களாம். கட்சியில சொல்லிட்டாங்களாம்."

"எந்தக் கட்சியில?"

"உங்க கட்சியிலதான்."

வாயிலிருந்த நுரையைத் துப்பக்கூட மறந்து நின்றார் மனிதர்.

இந்தச் சகலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் எதுவும் விளங்காது. மனைவியின் தங்கை புருஷன். இவரைவிட எட்டு வயசு சின்னவன். வந்த புதிதில் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை வைத்திருந்தான், இப்போது நாலு மாடி ஹோட்டல். மாமனார் வீட்டில் ஏதாவது விசேஷம் என்றால் அவன் வந்த பிறகுதான் சாப்பாடு போடுவார்கள். இவர் ஒரு மணி நேரம் முன்னாலேயே போய் நாற்காலி எல்லாம் எடுத்துப் போட்டிருப்பார், அவன் கடைசியில் வந்து அதில் நடுவாக உட்காருவான். இத்தனைக்கும் ஒரு தடவைகூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. "அண்ணே, அண்ணே" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அதுதான் இவருக்கு இன்னும் வயிற்றெரிச்சல். ஒரு வார்த்தை தப்பாகப் பேசியிருந்தால் சண்டை போட்டு ஒதுங்கியிருக்கலாமே!

அந்த ஹோட்டலின் கீழ்த்தளத்தில் மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மதுக்கூடம் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு நேர் எதிரே. கிளை ஆட்கள் பத்தொன்பது பேரும் பதினொரு நாள் வெயிலில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மதுக்கூடம் திறந்ததுதான் மிச்சம். எட்டு மாதத்துக்கு முன்னால் அதே சகலை தலைமை அலுவலகத்துக்குப் போய், தலைவரோடு கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு கட்சியில் சேர்ந்தான். கிளைக்கு ஒரு வரி தகவல் இல்லை. இப்போது வேட்பாளர். அதுவும் கிளைச் செயலாளருக்கு மனைவி சொல்லித் தெரிகிறது, மனைவிக்குத் தங்கை சொல்லித் தெரிகிறது.

அன்று சாயங்காலம் கண்ணாடிக் கடை கொதித்தது. குழாய் ரிப்பேர்க்காரர் வந்ததும் வராததுமாகக் கட்சி உறுப்பினர் அட்டையை மேசைமேல் வீசினார்.

"நாம வெயில்ல நின்னு காய்ஞ்சது எதுக்கு? அந்த மதுக்கூடத்துக்காரனுக்கே ஓட்டுக் கேக்கவா? எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவேன்?"

மருந்துக் கடைக்காரர், "மேல இருக்கறவங்களுக்குக் கொள்கை எல்லாம் மேடையோட சரி. நம்மளை ஆள் கணக்குக்கு வச்சிருக்காங்க" என்றார்.

பேக்கரி அம்மா மட்டும் சத்தம் போடவில்லை. விடியற்காலையில் அடுப்பு மூட்டி, ஏழு மணிக்குள் அந்தப் பகுதி முழுக்க ரொட்டி கொடுத்துவிடுகிற மனுஷி. புருஷன் குடித்தே போனவர். பதினொரு நாளும் முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போனவள் அவள்தான். "கோபப்பட்டு அட்டையைத் தூக்கிப் போட்டா அவங்களுக்குத்தான் வசதி. நேராப் போய்க் கேப்போம். அண்ணா போய்க் கேக்கட்டும்" என்றாள்.

எல்லோரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். அவருக்குள்ளே என்ன எரிந்துகொண்டிருந்தது என்று அவருக்கே தெரியும். ஆனால் அதற்குப் போட்டுக்கொள்ள நல்ல சட்டையாகக் கொள்கை கையில் கிடைத்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"அவன் என் சகலை. சொந்தம்னு பாத்தா நான் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். ஆனா சொந்தத்தைவிடக் கொள்கை பெரிசு. ஒண்ணு சொல்றேன், எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்குப் பதவி ஆசை கிடையாது. எனக்கு எந்த நாற்காலியும் வேண்டாம். அதனாலதான் தைரியமாப் போய்க் கேக்கறேன்."

கைதட்டினார்கள். குழாய் ரிப்பேர்க்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணாடிக்காரருக்கும் தன் பேச்சு ரொம்பப் பிடித்திருந்தது. அதனால், அதே தோரணையில் அன்றே இன்னும் இரண்டு தடவை சொன்னார்.

தலைமை அலுவலகத்தில் அவரை இரண்டரை மணி நேரம் நடைபாதையில் உட்கார வைத்தார்கள். புது மேசைகள், கண்ணாடிக் கதவுகள், குளிர்ந்த அறைகள். போகிற வருகிறவர்கள் யாருக்கும் இவர் யாரென்று தெரியவில்லை. வேட்பாளர் தேர்வுக்குப் பொறுப்பாளராக இருந்தவருக்கு மிஞ்சிப்போனால் முப்பத்தைந்து வயசு இருக்கும். கொடியில் எழுதியிருப்பதை அவர் ஒரு தடவையாவது படித்திருப்பாரா என்பது சந்தேகம்.

"சார், ஜெயிக்கிற ஆள் வேணும். உங்க சகலை ஜெயிப்பார். சந்தோஷப்பட வேண்டிய நீங்களே வந்து சண்டை போடறீங்களே?"

"கிளையில ஒருத்தர்கூட ஒத்துக்கலைங்க. விதியில இருக்கு, கிளையைக் கேக்காம நிறுத்தக் கூடாதுன்னு."

பொறுப்பாளர் சிரித்தார். "விதியை முழுசாப் படிச்சீங்களா? கிளையில எல்லாரும் ஒருமனதா ஒரு பேரைச் சொல்லணும். ஒரு கையெழுத்து குறைஞ்சாலும் தலைமை முடிவுதான். பத்தொன்பது கையெழுத்தும் தீர்மானப் புத்தகத்துல இருந்தா வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள கொண்டு வாங்க. மாத்திடறேன்."

நடக்காது என்ற தைரியத்தில் சொன்னது அது. எந்தக் கிளையில் பத்தொன்பது பேர் ஒத்துப்போயிருக்கிறார்கள்? ஆனால் கண்ணாடிக்காரர் வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. இருபத்திரண்டு வருஷமாக ஒருமனதாகத் தவிர ஒரு தீர்மானம் அவர் கிளையில் நிறைவேறியதில்லை. எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகு, சரிபார்த்துச் செயலாளர் கடைசியாகப் போடுவார். பஸ்ஸில் திரும்பி வரும்போதே நகரசபை வாசலில் தன் பெயர்ப் பலகை எந்த நிறத்தில் இருக்க வேண்டும் என்று யோசித்துக்கொண்டு வந்தார். சகலையின் முகம் எப்படிச் சுருங்கும் என்பதையும் சேர்த்துத்தான். மாமனார் வீட்டில் இனிமேல் யார் வந்த பிறகு சாப்பாடு போடுவார்கள் என்பதுவரை போய்விட்டார்.

வியாழக்கிழமை சாயங்காலம் கூட்டம். தீர்மானப் புத்தகத்தை மேசைமேல் வைத்து, பேனாவைத் திறந்து வைத்து, கூச்சத்தோடு கீழே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் எதிர்பார்த்தபடியே குழாய் ரிப்பேர்க்காரர்தான் ஆரம்பித்தார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? நம்ம செயலாளரே நிக்கட்டும்."

"ஐயையோ, எனக்கெதுக்குங்க அதெல்லாம்? வேற நல்ல ஆளாப் பாருங்க" என்றார் கண்ணாடிக்காரர். முறைப்படி முதல் மறுப்பு. இனி இரண்டாவது தடவை கேட்பார்கள், தலையை ஆட்டுவார். மூன்றாவது தடவை, உங்கள் எல்லோருக்காகவும் என்று பெருமூச்சு விடுவார்.

பேக்கரி அம்மா எழுந்து நின்றாள். அவள் குரலில் உண்மையான மரியாதை இருந்தது.

"அண்ணாவை வற்புறுத்தாதீங்க. பதவி ஆசை இல்லைன்னு அன்னைக்கு நம்ம முன்னாலயே மூணு தடவை சொன்னாங்க. இந்தக் காலத்துல சொன்ன வார்த்தைக்கு நிக்கற ஒரு மனுஷர் இருக்காங்க. அவங்களையும் நாமளே கெடுக்கணுமா?"

"அதுவும் நியாயம்தான்" என்றார் குழாய் ரிப்பேர்க்காரர், உடனே.

அவ்வளவுதான். வேறு எந்தக் கிளையாக இருந்தாலும் மறுப்பை மறுப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். இவர்கள் வாய் வார்த்தையை நம்புகிறவர்கள். அப்படி நம்பப் பழக்கியதும் அவர்தான்.

மருந்துக் கடைக்காரர் பேக்கரி அம்மாவைக் காட்டி, "அப்ப இவங்களே நிக்கட்டும். குடியால நஷ்டப்பட்டவங்க, ஊர்ல ஒரு வீடு பாக்கியில்லாம தெரிஞ்சவங்க" என்றார். கடை அதிர்ந்தது. அவள் பதறிப்போய், "எனக்குப் பேசத் தெரியாதே" என்றாள். அவளை மட்டும் இரண்டாவது தடவையும் கேட்டார்கள், மூன்றாவது தடவையும் கேட்டார்கள். அவர் இருபத்திரண்டு வருஷமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்த காட்சி, அவர் கடையிலேயே, அவர் கண்ணெதிரே, ஆள் மட்டும் மாறி நடந்து முடிந்தது.

பதினெட்டுப் பேரும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள். புத்தகம் அவர் பக்கம் வந்தது.

"நாளைக்கு அந்த ஆபீஸ்ல, அவர் முன்னாலயே போடறேன். அப்பத்தான் கிளைச் செயலாளர்னா யாருன்னு தெரியும்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

அன்று சாப்பாடு இறங்கவில்லை. சகலையின் மேலிருந்த பொறாமை பழகின பொறாமை, பழைய செருப்பைப் போலக் காலுக்கு ஒத்துப்போயிருந்தது. அவனிடம் பணம் இருக்கிறது, ஆள் பழக்கம் இருக்கிறது, தலைமையில் செல்வாக்கு இருக்கிறது என்று நூறு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இவளிடம் என்ன இருக்கிறது? மாவு ஒட்டின கையும் ஒரு சின்னக் கடையும். தன்னிடம் இல்லாத எதுவும் இல்லை. அப்படியிருந்தும் அவள் பேரைச் சொன்னதும் பதினேழு முகமும் எப்படி மலர்ந்தது! தன் பேரைச் சொன்னபோது ஒரே ஒரு குழாய் ரிப்பேர்க்காரன், அவனும் ஒரு வார்த்தையில் விட்டுவிட்டான். இனி தினமும் காலையில் ரொட்டி வாங்கப் போனால், "வாங்கண்ணா" என்று அவள் சிரிப்பாள். நகரசபை உறுப்பினர் சிரிப்பாள். நினைக்க நினைக்க நெஞ்சில் அமிலம் ஊறியது.

வெள்ளிக்கிழமை பதினொன்றே காலுக்குப் பொறுப்பாளரின் மேசைக்கு எதிரே இருந்தார். இந்தத் தடவை காக்க வைக்கவில்லை. பொறுப்பாளர் புத்தகத்தைத் திறந்து விரலால் எண்ணினார். எண்ண எண்ண முகம் மாறியது. பதினெட்டில் நின்று நிமிர்ந்தார்.

"பேக்கரி வச்சிருக்கற அம்மாவா? பரவாயில்லையே. சார், உங்க கையெழுத்து?"

சட்டைப் பையில் பேனா இருந்தது. கை அதைத் தொட்டுக்கூடப் பார்த்தது. சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று இருபது. இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. யோசித்துப் போடுவதற்கு ஒரு மனிதனுக்கு அது ஏராளம்.

அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பொறுப்பாளர் புத்திசாலி. இந்த மாதிரி மௌனங்களை நிறையப் பார்த்தவர். குரலை இறக்கி, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"அப்ப, கிளையில ஒருமித்த கருத்து இல்லைன்னு எடுத்துக்கலாங்களா?"

"எடுத்துக்குங்க."

ஒரே வார்த்தை. புத்தகத்தை அங்கேயே விட்டுவிட்டு அவர் வெளியே வந்து பஸ் ஏறும்போது பன்னிரண்டுகூட ஆகவில்லை.

கடையில் பதினெட்டுப் பேரும் காத்திருந்தார்கள். பேக்கரி அம்மா வெள்ளை உடையில், தலையைப் படிய வாரிக்கொண்டு வந்திருந்தாள். கண்ணாடிக்காரர் வாசலில் நின்றபடியே தலையை ஆட்டினார்.

"ஒத்துக்கலை. புத்தகத்தையும் வாங்கி வச்சுக்கிட்டாங்க."

"பத்தொன்பது கையெழுத்து இருந்துமா?" என்றார் மருந்துக் கடைக்காரர்.

"இருந்தா மட்டும்? அவங்க நெனைச்சதுதான் நடக்கும்."

குழாய் ரிப்பேர்க்காரர் தலைமையை வாய்க்கு வந்தபடி திட்டினார். ஒருவர் அழுதார். கட்சியே வேண்டாம் என்று பதினெட்டு உறுப்பினர் அட்டைகளும் அந்த மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. கண்ணாடிக்காரர் தன் அட்டையை எடுக்காததைப் பார்த்து மருந்துக் கடைக்காரர் காரணம் கேட்டார். "நான் உள்ளே இருந்தே போராடறேன். யாராவது ஒருத்தர் இருக்கணும்ல" என்றார் இவர். அதையும் நம்பினார்கள். போகும்போது பேக்கரி அம்மா அவர் பக்கத்தில் வந்து, "எங்களுக்காக எத்தனை அலைச்சல் உங்களுக்கு. போய்ச் சாப்பிட்டுப் படுங்கண்ணா" என்றாள். அன்றைக்கு அவளை அவர் வெறுத்த மாதிரி வேறு யாரையும் எப்போதும் வெறுத்ததில்லை.

மறுநாள் சகலை வந்தான். வந்தவன் வாடிக்கையாளர் இருப்பதைக்கூடப் பார்க்காமல் அவரை அப்படியே கட்டிக்கொண்டான்.

"அண்ணே, பொறுப்பாளர் எல்லாம் சொன்னார். பதினெட்டுப் பேர் ஒரு பக்கம் நின்னும் எனக்காக நீங்க கையெழுத்துப் போடலையாமே! ரத்த சொந்தம்கூட இப்படிச் செய்யாது. உங்களைத் தப்பா நெனைச்சிருந்தேன், மன்னிச்சிருங்க. தேர்தல் முடியற வரைக்கும் எனக்கு எல்லாமே நீங்கதான்."

நிஜமாகவே அவன் கண் ஈரமாகியிருந்தது. உள்ளேயிருந்து வந்த மனைவி பெருமையோடு புருஷனைப் பார்த்தாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் அப்படிப் பார்த்து அவருக்கு நினைவில்லை. உனக்காகச் செய்யவில்லையடா என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் யாருக்காக என்று கேட்பார்களே! பல்லைக் காட்டிச் சிரித்துவைத்தார்.

அதற்கடுத்த வாரம் முழுக்கக் கண்ணாடிக் கடையின் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. கட்சி இல்லாவிட்டாலும் அந்தப் பதினெட்டுப் பேருக்குச் சாயங்காலம் ஒரு இடத்தில் கூடாமல் இருக்க முடியவில்லை. இப்போது கூடுவது பேக்கரிக்கு மேலே, அந்த அம்மாவின் வீட்டில். ரொட்டி மிச்சமானால் அதையே பிய்த்துத் தின்றுகொண்டு பேசுகிறார்களாம். ரொட்டி வாங்கப் போன மனைவிதான் வந்து சொன்னாள். கண்ணாடிக்காரர் துடைத்த லென்ஸை மறுபடி எடுத்துத் துடைத்தார். தோற்ற பிறகும் அவளுக்குத்தான் கூட்டம்!

ஞாயிற்றுக்கிழமை சகலையோடு வீடு வீடாக ஓட்டுக் கேட்கப் போனார். சகலை எல்லோரிடமும் கைகுலுக்கினான், குழந்தைகளைத் தூக்கினான், இவரைக் காட்டி, "எங்க அண்ணே" என்றான். பேக்கரி தெருவுக்குள் திரும்பியதும், "இந்த வீட்டுக்கு நீங்களே போய்ட்டு வந்துருங்கண்ணே, நான் கீழேயே நிக்கறேன்" என்று நழுவிக்கொண்டான்.

மாடிப்படி ஏறும்போதே பேச்சும் சிரிப்பும் கேட்டது. கதவைத் திறந்த பேக்கரி அம்மா அவர் கையிலிருந்த நோட்டீஸ் கட்டைப் பார்த்தாள். அதில் சகலை பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். இப்போது கேட்கப்போகிறாள் என்று நினைத்தார். சட்டையைப் பிடித்துக் கேட்டுவிட்டால்கூட நல்லது என்றிருந்தது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுத் திரியறாங்களாண்ணா?"

அவர் தலை ஆமாம் என்று ஆடியது. தானாகத்தான் ஆடியது.

அவள் உள்ளே திரும்பிச் சொன்னாள். "பாவம்ங்க. சொந்தக்காரங்க விட மாட்டேங்கறாங்களாம். நமக்காக ஒத்தை ஆளா உள்ளே இருந்துக்கிட்டு என்னவெல்லாம் பட வேண்டியிருக்கு பாருங்க."

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். குழாய் ரிப்பேர்க்காரர் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க செயலாளரே, ரெண்டு நிமிஷமாவது உக்காந்துட்டுப் போங்க" என்றார். மருந்துக் கடைக்காரர் தண்ணீர் எடுக்க ஓடினார். அந்த முகங்களில் கடுகளவு சந்தேகம் இல்லை. சொன்ன சொல்லுக்கு நிற்கிற, தங்களுக்காக அவமானப்படுகிற ஒரு நல்ல மனிதரை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரர் வாசலைத் தாண்டாமல் நின்றார். அவர்கள் எழுந்து நின்று மரியாதை செய்த அந்த மனிதர்மேல் அவருக்கு வயிறு பற்றி எரிந்தது. சகலைமேல் எரிந்ததைவிட, இந்த அம்மாமேல் எரிந்ததைவிட அதிகமாக.

"அண்ணே, நேரமாகுது!" என்று கீழேயிருந்து சகலை கூப்பிட்டான்.

"வர்றேன்மா, இன்னும் நிறைய வீடு இருக்கு" என்று சொல்லிவிட்டு, நோட்டீஸ் ஒன்றைக்கூடக் கொடுக்காமல் படி இறங்கினார்.